ஏழாவது விதி

ஜூலை 3, திங்கள்

தேர்வுக்குப் போகிறவர்கள் பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டும் என்று சென்செய், அதாவது எங்கள் ஆசிரியர், சொல்லியிருக்கிறார். யாரும் பார்க்கமாட்டார்கள், மனதில் பட்டதை எழுதலாமாம். எழுதுகிறேன்.

பெயர் நாகலிங்கம். வயது ஐம்பத்தொன்று. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் சீனியர் செக்ஷன் இன்ஜினீயர். என் கீழ் நாற்பத்திரண்டு பேர். ஏழு வருடமாக அய்கிடோ பழகுகிறேன். ஜப்பானியக் கலை. இதில் போட்டி இல்லை, கோப்பை இல்லை. ஒருவர் வந்து கையைப் பிடிப்பார், அல்லது அடிப்பார். மற்றவர் அந்த விசையையே திருப்பி அவரை வீழ்த்துவார். பிடித்து விழுகிறவருக்கு உக்கே என்று பெயர். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வார்கள். சொல்லும்போது சின்ன விஷயம்தான்.

இன்று வகுப்பு முடிந்ததும் சென்செய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். செப்டம்பர் பத்தாம் தேதி பெங்களூரிலிருந்து தேர்வாளர் வருகிறாராம். நான் கறுப்புப் பட்டைக்கு உட்காரலாம் என்றார். மாணவன் வாய்விட்டுத் தேர்வு கேட்கக் கூடாது என்பது எங்கள் மரபு. ஏழு வருடம் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டில் சொன்னேன். பட்டை வந்ததும் முன்னறையில் பாய் போட்டுச் சொந்தமாக ஒரு வகுப்பு ஆரம்பிக்கப்போகிறேன், அதனால் அங்கே நடக்கும் டியூஷனை ஆகஸ்ட் பாதிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று பூங்கோதையிடம் விளக்கினேன். பதினோரு வருடமாக அந்த அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். "சரிங்க" என்றாள். அவளுக்கும் ஓய்வு வேண்டாமா. கல்யாணமாகி இருபத்துநான்கு வருடம். எங்கள் வீட்டில் வாக்குவாதம் என்ற பேச்சே கிடையாது.

ஜூலை 5, புதன்

டோஜோ, பயிற்சிக்கூடம், என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். குடியிருப்போர் நலச் சங்கத்தின் மண்டபம். திங்கள், புதன், வெள்ளி காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை. அந்த மண்டபத்தைச் சங்கத்தில் பேசி வாங்கிக் கொடுத்ததே நான்தான். சாவி என்னிடம். பாயைக் கூட்டித் துடைப்பது நான். வாசலில் செருப்புகள் வரிசையாக வெளிப்பக்கம் பார்த்து நிற்கின்றனவா என்று கவனிப்பதும் நான். தொடங்கும்போது அய்கிடோ நிறுவனர் படத்துக்கு முன்னால் தகுதி வரிசையில் மண்டியிட்டு உட்காருவோம். மாணவர்களில் மூத்தவன் என்பதால் வலது கோடி எனக்கு. "ரேய்" என்று நான் குரல் கொடுத்தால்தான் எல்லோரும் வணங்குவார்கள்.

சென்செய் நிர்மலுக்கு முப்பத்தாறு வயது. ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். கலையில் குறை சொல்ல முடியாது. கண்டிப்புதான் போதாது. அதை ஈடுகட்ட நான் ஏழு விதிகளை எழுதி, பணிமனை பெயிண்டரிடம் கொடுத்துப் பலகையில் தீட்டி மாட்டியிருக்கிறேன். நகம் வெட்டியிருக்க வேண்டும், தாமதமாக வந்தால் அனுமதி கேட்டுத்தான் பாயில் ஏற வேண்டும், இப்படி ஆறு. ஏழாவது விதி: மூத்தவர் உத்தி செய்யும்போது இளையவர் எதிர்க்கவோ திருத்தவோ கூடாது.

இன்று ஒரு புதுமுகம். எஸ்தர் என்று பெயர், நாற்பது வயதிருக்கும். சென்செயின் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு நோயாளிகளைத் தூக்கி மாற்றுகிற வேலை. நினைவு தடுமாறும் நோயாளிகள் கையைப் பிடித்து முறுக்குகிறார்களாம், அவர்களை நோகடிக்காமல் விடுவித்துக்கொள்ளக் கற்க வேண்டுமாம். காரணம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நான் "ரேய்" சொன்னபோது எல்லோர் நெற்றியும் பாயைத் தொட்டது, அவர் நெற்றியைத் தவிர. நேராக உட்கார்ந்து கண்ணை மட்டும் தாழ்த்திக்கொண்டார். பிறகு பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அவர் பெந்தெகொஸ்தே சபைக்காரராம்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். தலையத் தரையில வைக்கிறது எனக்கு ஒரே ஒரு இடத்துலதான். உங்களுக்கெல்லாம் கைகூப்பி வணக்கம் வைக்கிறேன், எத்தனை தடவை வேணும்னாலும்."

சென்செயிடம் முறையிட்டேன். அது போதும் என்றுவிட்டார். விதியை எழுதியவன் முட்டாள்.

ஜூலை 10, திங்கள்

எரிச்சலாக இருக்கிறது.

சென்செய் என்னையும் எஸ்தரையும் ஜோடி சேர்த்தார். பயிற்சி இக்கியோ. முதல் நாள் கற்றுத்தரும் உத்தி அது. கையைப் பிடிப்பவரின் முழங்கையை மேலே திருப்பிக் குப்புறக் கொண்டுவர வேண்டும். ஏழு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை செய்திருப்பேன். எஸ்தர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் திருப்பினேன். அவர் அப்படியே நின்றார்.

மறுபடி செய்தேன். நின்றார். முரட்டுத்தனமும் இல்லை, வேண்டுமென்று எதிர்ப்பதாகவும் தெரியவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நின்றார். விழ வேண்டும் என்று சொன்னேன். "எப்ப விழணும் சார்?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

உக்கேயாக இருப்பது ஒரு தனிக் கலை. மூத்தவரின் அசைவை உணர்ந்து அதோடு ஓட வேண்டும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஜூலை 12, புதன்

மறுபடி எஸ்தர். மறுபடி அதே கதை. எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

தேர்வுக்கு ஐம்பத்தொரு நாள். சென்செய் வேண்டுமென்றே செய்கிறாரா என்று தெரியவில்லை, ஆறு வகுப்பில் ஐந்தில் எஸ்தரை என்னிடம் அனுப்புகிறார்.

இன்று கடைசிப் பத்து நிமிடம் பிரசன்னாவோடு பழகினேன். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. பிரசன்னா தனியார் கல்லூரி விரிவுரையாளர், நல்ல உக்கே. நான் கையைத் தொட்டதும் பறக்கிறார். தரையில் அறைகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கிறது. முன்பு இவரும் விறைப்பாகத்தான் நிற்பார். இரண்டு வருடத்துக்கு முன் ஷிஹோநாகே என்ற உத்தியில், கையை அவர் தோளுக்குப் பின்னால் மடக்கி வீழ்த்தும்போது, விழாமல் நின்றுகொண்டிருந்தார். நான் உத்தியை முடித்தேன். முழங்கையில் தசைநார் கிழிந்து ஆறு வாரம் கட்டுப்போட்டிருந்தார். விழ வேண்டிய நேரத்தில் விழாவிட்டால் அப்படித்தான் ஆகும் என்று அன்று எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினேன். ஏழாவது விதியைப் பலகையில் சேர்த்ததும் அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து டோஜோவில் எல்லோருமே நன்றாக விழுகிறார்கள். ஒரு பாடம் எல்லோருக்கும் போதுமாக இருந்தது.

ஜூலை 30, ஞாயிறு

வீட்டில் பழக ஆள் வேண்டும் என்று பூங்கோதையைக் கூப்பிட்டேன். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் மணிக்கட்டைப் பிடி என்றேன். பிடித்தாள். நான் இடுப்பைத் திருப்புவதற்குள் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "ஆச்சுங்களா? குழம்பு அடுப்புல இருக்கு" என்று எழுந்து போனாள்.

எஸ்தருக்கு இதில் பாதி ஒத்துழைப்பு இருந்தால் போதும்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், அப்போதுதான் யார் மேல் தவறு என்று தெளிவாகும்.

எஸ்தர் பிடித்தார். திருப்பினேன். அசையவில்லை. தோளைக் கொடுத்து இழுத்தேன். அசையவில்லை. பக்கத்தில் இரண்டு ஜோடி நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரே வெட்டாக வெட்டி இழுத்தேன். அவர் ஒரு அடி தடுமாறினார், விழவில்லை. மணிக்கட்டில் என் நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவர் அதைப் பார்த்தார், தேய்க்கக்கூட இல்லை. பிறகு, மெதுவாக, பக்கத்தில் யாருக்கும் கேட்காதபடி சொன்னார்:

"இழுக்காதீங்க சார். பேஷன்ட்ட இழுத்தா நம்ம இடுப்புதான் போகும். நாமதான் முதல்ல கிட்டப் போகணும். போயிட்டா அவங்களே வந்துடுவாங்க."

வந்து ஒரு மாதம் ஆகவில்லை. வெள்ளைப் பட்டை. ஏழு வருடம் பழகியவனுக்குப் பாடம். நான் பலகையைக் காட்டி ஏழாவது விதியை உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தார். "மன்னிச்சுக்கங்க சார்" என்று கைகூப்பினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் கொஞ்சம் இருக்கும்படி சென்செய் சொல்லியிருக்கிறார். இப்போதாவது கண்டிப்பு வந்தால் சரி.

ஆகஸ்ட் 7, திங்கள்

எல்லோரும் போன பிறகு சென்செய் மண்டியிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். எஸ்தரைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

"உங்க இக்கியோ வேலை செய்யாது சார்" என்றார்.

எனக்குச் சரியாக விளங்கவில்லை. எந்த இக்கியோ என்று கேட்டேன். எதுவுமே என்றார். இக்கியோ, ஷிஹோநாகே, மற்றது எல்லாமே. தோள் பலத்தில் இழுக்கிறீர்கள், எதிராளி விழுந்துவிடுவதால் உங்களுக்குத் தெரியவில்லை என்றார். எல்லோரும் ஏன் விழுகிறார்கள் என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"பிரசன்னா கைய எல்லாரும் பாத்தாங்கல்ல. உடம்பக் காப்பாத்திக்க விழுறாங்க சார். என் தப்புதான். அன்னைக்கே உங்கள நிறுத்திப் பேசியிருக்கணும். மண்டபம் உங்களாலதான் கிடைச்சது, நீங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டீங்க, போயிடுவீங்களோன்னு பயந்தேன். தேர்வுக்கு உட்காரச் சொன்னதும் அந்தப் பயத்துலதான். ரெண்டு வருஷமா நானே உங்களுக்கு விழுந்துகிட்டிருக்கேன்."

எஸ்தருக்கு மட்டும் அந்தக் கதை தெரியாது, அதனால்தான் அவரை உங்களிடம் அனுப்பினேன் என்றார். தேர்வில் உட்காருவதும் உட்காராததும் உங்கள் விருப்பம் என்றும் சொன்னார்.

சாவியை அவர் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். போகும்போது வணங்கவில்லை. ஏழு வருடத்தில் முதல் முறை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பொய். முழுப் பொய்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

போகவில்லை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. கொடியில் காய்ந்த பயிற்சி உடுப்பை எடுத்து மடித்து வைத்தேன். மறுபடி பிரித்து மடித்தேன். பூங்கோதை காபி கொண்டுவந்து வைத்தாள். இன்றைக்கு வகுப்பு இல்லையா என்று அவள் கேட்கவில்லை. அவள் எதையுமே கேட்பதில்லை.

இரண்டு வருடம் என்றால் கிட்டத்தட்ட முந்நூறு காலை. முந்நூறு காலையும் எனக்கு நாடகம் போட்டிருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. சென்செய் மேல், பிரசன்னா மேல், அந்த வார்டுப் பெண் மேல் கோபம் கோபமாக வருகிறது. முதல் நாளே ஒருவன் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?

சொல்லக் கூடாது என்று பலகையில் எழுதி மாட்டியது யார் என்று உடனே நினைவு வந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

ஆகஸ்ட் 16, புதன்

தச்சர் வந்து முன்னறையை அளந்துவிட்டுப் போனார். வரச்சொன்னது நான்தான், ஜூலையில். தடுக்கத் தோன்றவில்லை. அறை காலியாக இருக்கிறது. பெஞ்சுகள் இல்லை, கரும்பலகை மட்டும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறது. பூங்கோதை பிள்ளைகளை அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது. சொன்ன தேதிக்குச் சரியாக முடித்துவிட்டாள்.

மாலையில் அவள் ஐந்து மணிக்கு வெளியே கிளம்பி ஏழரைக்குத்தான் வருகிறாள். கோயிலாக இருக்கும். புடவையில் வெள்ளையாகத் தூள் ஒட்டியிருக்கிறது, விபூதி போல.

ஆகஸ்ட் 18, வெள்ளி

பணிமனையில் ஒரு சக்கர அச்சின் தாங்கி சூடாகிறது. என்ன காரணம் என்று ஃபிட்டர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். கிரீஸ் போதவில்லை என்று நினைக்கிறேன், சரிதானே என்றேன். "கரெக்ட் சார்" என்றார்கள் நான்கு பேரும். வேண்டுமென்றே கொஞ்சம் பொறுத்து, இல்லை, கிரீஸ் அதிகமாகிவிட்டது என்றேன். "ஆமா சார், அதேதான்" என்றார்கள், அதே நான்கு பேர்.

என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 21, திங்கள்

போனேன். நான் போவதற்கு முன்பே மண்டபம் திறந்திருந்தது. எஸ்தர் பாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்புகள் வாசலில் வரிசையாக நின்றன, நான் வைப்பதைவிடச் சீராகவே.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன். நேரில் வாய் வரவில்லை. மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். அது அன்றைக்கே சரியாகிவிட்டது என்றார். அந்தப் பழமொழிதான் இரண்டு நாள் உறுத்தியது என்றும் சொன்னார். சிரிக்காமல் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். ஆமென் என்றோ பரவாயில்லை என்றோ சொல்வார் என்று பார்த்தால், துணியைப் பிழிந்துகொண்டே, "சரி, மேற்கு மூலையத் துடைங்க சார்" என்றார். துடைத்தேன்.

பிரசன்னாவிடம் முழங்கையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடத்தில் நான் கேட்டதே இல்லை என்பது கேட்கும்போதுதான் உறைத்தது. "இப்ப நல்லாருக்கு சார்" என்றார் அவசரமாக. மறுபடி கேட்டதும், போர்டில் எழுதும்போது முழங்கை முழுக்க நீளுவதில்லை, இடது கையால் எழுதப் பழகிவிட்டேன் என்றார். விரிவுரையாளர். ஐம்பத்தைந்து நிமிடம் நின்று எழுதுகிற மனிதர்.

சென்செய் சாவியைத் திருப்பித் தந்தார். வாங்கவில்லை. வலது கோடியில் பிரசன்னாவை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். வகுப்பு முடிந்ததும் கறுப்புப் பெயிண்ட் வாங்கிவந்து ஏழாவது விதியை அடித்தேன். இரண்டு பூச்சு அடித்தும் எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 30, புதன்

எஸ்தரோடு இருபது முறை. பத்தொன்பது முறை தோல்வி.

கிட்டப் போக வேண்டும் என்று மூளைக்குத் தெரிகிறது. யாராவது கையைப் பிடித்ததும் தோள் தானாக இழுக்கிறது. ஐம்பத்தொரு வருடத் தோள். சொன்ன பேச்சுக் கேட்கிற வயதா அதற்கு? ஒவ்வொரு முறையும் எஸ்தர் நின்றபடி "இழுத்தீங்க" என்கிறார். "இழுத்தீங்க." "மறுபடி இழுத்தீங்க." கேட்டுக் கேட்டு அழுகை வராத குறை.

ஒரே ஒரு முறை மட்டும் களைத்துப்போய், திருப்ப வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் கீழே இருந்தார். என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அடுத்த முறை அதையே செய்யப் பார்த்தேன்.

"இழுத்தீங்க" என்றார்.

செப்டம்பர் 10, ஞாயிறு

தேர்வாளர் அறுபது வயது அம்மாள். ஓசூரில் பிறந்தவர், நன்றாகத் தமிழ் பேசினார். உக்கேயை நீங்களே அழைத்துக்கொள்ளலாம் என்றார். முதல் பகுதிக்கு எஸ்தரைக் கூப்பிட்டேன். இரண்டு மாத வெள்ளைப் பட்டையையா என்று புருவத்தை உயர்த்தினார். ஆமாம் என்றேன்.

இக்கியோ நான்கு முறை. மூன்று முறை எஸ்தர் அசையவில்லை. எல்லோர் முன்னாலும், மூன்று முறை. வேர்த்து ஊற்றியது. நான்காவது முறை கிட்டப் போனேன். அவர் முழங்கை தானாக உயர்ந்து, முட்டி மடங்கி, பாயில் குப்புறப் படுத்தார். எழும்போது என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஆமாம் என்றார். அந்த ஒன்றுக்காக ஏழு வருடத்தையும் கொடுக்கலாம்.

இரண்டாம் பகுதி ஷிஹோநாகே. பிரசன்னா. நேற்றே அவரிடம் கெஞ்சியிருந்தேன், நான் வீழ்த்தாமல் விழாதீர்கள் என்று. தலையாட்டியிருந்தார். அவர் கையை எடுத்தேன். மெதுவாகத்தான் எடுத்தேன், சத்தியமாக. அவர் தோளுக்குப் பின்னால் கொண்டுபோகக் கூட இல்லை. முழங்கை மடங்கத் தொடங்கியதும் அவர் முகம் வெளுத்து, பறந்து விழுந்தார். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. எழுந்து, "சாரி சார், தானா வந்துடுச்சு" என்றார்.

தேர்வாளர் நிறுத்தச் சொன்னார். என்னை அருகில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"நாலாவது இக்கியோ நல்லா இருந்தது. அதுக்குப் பட்டை குடுத்திருப்பேன். ஆனா உங்க உக்கே உங்களுக்குப் பயப்படுறாரு. அவரு மனசு விழவேணாம்னு நினைச்சாலும் உடம்பு விழுது. அது போற வரைக்கும் என்னால கையெழுத்துப் போட முடியாது."

அது போக எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். அது உங்கள் கையில் இல்லை, அவர் உடம்பின் கையில் இருக்கிறது என்றார். வணங்கிவிட்டு எழுந்தேன்.

செப்டம்பர் 11, திங்கள்

தோற்றுவிட்டேன் என்று பூங்கோதையிடம் நேற்றுச் சொன்னபோது, "அப்படிங்களா" என்று மட்டும் கேட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்று மாலை அவள் கிளம்புவதற்கு முன் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தச்சரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முன்னறை உன்னுடையது, நாளையிலிருந்தே டியூஷனை அங்கே ஆரம்பித்துவிடு என்றேன். மனம் நிறைந்து சொன்னேன்.

"சரிங்க" என்றாள்.

ஜூலையில் சொன்ன அதே சரிங்க. ஒரு இழை கூட வித்தியாசமில்லை. முகத்தைப் பார்த்தேன். பிரசன்னா முகம் போல வெளுக்கவில்லை. இருபத்துநான்கு வருடப் பழக்கம், வெளுக்கத் தேவையில்லை.

அறையைத் திருப்பிக் கொடுத்ததையும் உத்தரவாகத்தான் கொடுத்திருக்கிறேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செப்டம்பர் 12, செவ்வாய்

நேற்றுச் சொன்னதை மறந்துவிடு, உனக்கு என்ன வேண்டும் என்று சொல் என்று கேட்டேன். உங்களுக்கு எது தோதோ அப்படியே செய்யலாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது. குரல் உயர்வதற்குள் கொல்லைப்புறம் போய் நின்றேன். இருபது முறை கேட்டால் ஒரு முறை வருமோ என்னவோ.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. சமையலறையில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தேன். எனக்கு உரிக்கத் தெரியாது. நகத்தோடு பிய்த்துவிட்டேன். வெகுநேரம் கழித்து, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவளாகவே பேசினாள்.

"ஒண்ணு சொல்லுவேன். கத்தக் கூடாது."

கத்தவில்லை என்றேன்.

"எனக்கு முன்னறை வேணாங்க. ஆகஸ்ட்லேயே செல்வமலர் டீச்சர் வீட்டு மாடியில ஆரம்பிச்சுட்டேன். பெஞ்சையும் அங்க கொண்டு போயிட்டேன். இங்க உங்க வண்டிச் சத்தம் கேட்டாப் பிள்ளைங்க பேச்ச நிறுத்திடும். தப்பாப் போட்ட கணக்கக் கூடக் காட்டாதுங்க, மடியில மறைச்சுக்கும். பதினோரு வருஷமும் அப்படித்தான். அங்க சத்தமாச் சண்டை போட்டுக்கிட்டுக் கணக்குப் போடுதுங்க. நானும் அங்க சத்தமா சிரிக்கிறேன். திரும்பி இங்க வரமாட்டேன்."

அவள் புடவையில் ஒட்டியிருந்தது சாக்பீஸ். ஒரு மாதமாக என் கண் முன்னால்தான் இருந்தது.

நெஞ்சுக்குள் என்னென்னவோ வந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வந்தது. நான் இல்லாத இடத்தில் அவள் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாது என்ற நினைப்பு வந்தது. அது ரொம்பவும் வலித்தது. வாயைத் திறந்தால் இழுத்துவிடுவேன் என்று தெரிந்ததால் பேசாமல் அடுத்த பூண்டை எடுத்தேன். அவள் ஓரக்கண்ணால் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெங்காயம் முடிந்த பிறகுதான் அவள் தோள் இறங்கியது.

இருபத்துநான்கு வருடத்தில் அவள் என்னிடம் சொன்ன முதல் 'மாட்டேன்'.

செப்டம்பர் 17, ஞாயிறு

கரும்பலகை மட்டும் இங்கே மிச்சமிருந்தது. தனியாகத் தூக்க முடியாது என்று விட்டுவைத்திருந்தாளாம். ஆட்டோ சொல்லியிருந்தாள். ஒரு முனையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிடிக்கச் சொன்னாள்.

நிலைப்படியில் இடித்தது. "சாய்ங்க. உங்க பக்கம் இல்ல, என் பக்கம். மெதுவா" என்றாள். சாய்த்தேன். நான் நினைத்த கோணம் வேறு, வாயைத் திறக்கவில்லை. படியில் அவள் முன்னால் போனாள், நான் அவள் வேகத்துக்கு இறங்கினேன். ஆட்டோவில் குறுக்காக ஏற்றிக் கயிறு கட்டினோம். கயிற்றை நான் இறுக்கினேன், அவ்வளவு வேண்டாம் என்றாள், தளர்த்தினேன்.

பலகையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் பின்னால் உட்கார வேண்டும். நான் வரவா, மாடிக்கு ஏற்றித் தந்துவிட்டு உடனே திரும்பிவிடுகிறேன் என்றேன்.

"வேணாங்க. பிள்ளைங்க இருக்கும்" என்றாள்.

அவளே பின்னால் ஏறிப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். கேட் வரைக்கும் போய் நின்றுகொண்டேன்.